எட்டு அறிவுரைகளும் நான்கு கேள்விகளும்

2025 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பதினான்கு மாதம் நிரம்பியிருந்த என் மகனுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஒன்றாகத் தொடங்கின. பத்து மணிக்குள் மூன்று முறை வாந்தி எடுத்துவிட்டான். துணி மாற்றி மாற்றிக் கொடியில் இடமில்லாமல் போயிற்று. கணவர் வேலை நிமித்தமாகக் கோவைக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் மாமியாரும் மட்டுமே. மதுரையில் அந்த நேரத்துக்குத் திறந்திருக்கும் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை என்றாலும், வயிற்றுப்போக்குதானே, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதோடு நிற்காமல், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்டேன்.

ஒரு மணி நேரத்துக்குள் எட்டு அறிவுரைகள் வந்தன. ஜாதிக்காயை உரசி நாக்கில் தடவு என்றார் ஒரு பெரியம்மா. மாதுளைத் தோலைக் கொதிக்க வைத்து வடிகட்டிக் கொடு என்றார் இன்னொருவர். தாய்ப்பாலை இரண்டு நாளைக்கு நிறுத்து என்றும், சோடாவைக் காற்றுப் போக ஆற்றி ஊட்டு என்றும், குளுக்கோஸ் மாவைத் தண்ணீரில் கலக்கிக் கொடு என்றும் அடுத்தடுத்து வந்தன. போக்கை உடனே நிறுத்தும் ஒரு மாத்திரையின் பெயரை எழுதி, பாதி உடைத்துக் கொடு என்றார் மருந்துக்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர். ஓ.ஆர்.எஸ். (நீரிழப்பை ஈடுகட்டும் உப்பு, சர்க்கரைக் கரைசல்) என்று அட்டைப் பெட்டியில் விற்கிறார்களே, அதை வாங்கிக் கொடு என்றார் சென்னையில் இருக்கும் மைத்துனி. எட்டாவது, திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னது. மாமியார் குழுவில் இல்லை. அவர் அடுப்படியில் நின்றபடியே, “நொய்க் கஞ்சியில உப்புப் போட்டுக் குடும்மா, கொஞ்சங்கொஞ்சமா” என்று சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எட்டில் நான் தேர்ந்தெடுத்தது மைத்துனி சொன்னதை. படித்தவள் சொல்கிறாள், பெட்டியில் மருத்துவ எழுத்துகள் இருக்கின்றன, மருந்துக்கடையில் விற்கிறார்கள் என்ற மூன்று காரணங்களுக்குமேல் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஆரஞ்சுச் சுவையில் இருந்த அந்தப் பானத்தைப் பையன் ஆசையாகக் குடித்தான். இரண்டு பெட்டிகள் தீர்ந்தன. விடியற்காலை நான்கு மணிக்குள் போக்கு இரட்டிப்பாயிற்று, நாக்கு வறண்டது, அழுதபோது கண்ணீர் வரவில்லை. இரவு பதினொரு மணிக்குக் கட்டிய டயப்பரில் ஈரம் மலத்தால் வந்ததா சிறுநீரால் வந்ததா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காலையில் குழந்தை நல மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் எதையும் எழுதுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்டார். எடை எவ்வளவு? கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது? இதுவரை எத்தனை முறை போயிருக்கிறது, அதில் ரத்தமோ சளியோ இருந்ததா? வாய்வழியாக என்னென்ன கொடுத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள்? நான்கில் இரண்டுக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு பையனின் வயிற்றுத் தோலை இரு விரல்களால் மெல்லக் கிள்ளித் தூக்கி விட்டார். உடனே படிய வேண்டிய தோல், உடலில் நீர் குறைந்ததன் அடையாளமாகச் சற்றுத் தயங்கிப் படிந்தது. அந்த அரைக்கணத் தயக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், முந்தைய இரவு எனக்கு அறிவுரை சொன்ன எட்டுப் பேரில் ஒருவர்கூட என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது உறைத்தது. குழந்தைக்கு என்ன வயது என்றுகூட யாரும் கேட்கவில்லை. அது அவர்கள் குற்றமும் இல்லை. கேட்டிருந்தாலும் அந்த நேரத்தில் நான் பாதி கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருப்பேன்.

அன்று பையனின் எடை 9 கிலோ 200 கிராம். நீரிழப்பு ஓரளவுக்கு ஏற்பட்டிருக்கும் குழந்தைக்குக் கிலோவுக்கு 75 மி.லி. என்ற கணக்கில் நான்கு மணி நேரத்துக்குள் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறை. அந்தக் கணக்குப்படி அவனுக்கு ஏறக்குறைய 700 மி.லி. மருத்துவமனையின் பின்கட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு, ஒரு பாத்திரத்தில் கரைசலையும் ஒரு தேக்கரண்டியையும் என் கையில் கொடுத்து, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி வீதம் ஊட்டச் சொன்னார்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துவிட்டு, முன்னைவிட மெதுவாகத் தொடர வேண்டும். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 140 கரண்டி. நூறாவது கரண்டிக்கு முன்பே என் மடியில் சிறுநீர் கழித்தான். புடவை நனைந்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டவள் அந்த மருத்துவமனையில் அன்று நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

உண்மையான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் இருப்பது நான்கே பொருள்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் ட்ரைசோடியம் சிட்ரேட். ஆக மொத்தம் 20.5 கிராம். வயிற்றுப்போக்கின்போது குடல் எவ்வளவுதான் நிலைகுலைந்திருந்தாலும், சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டு உள்ளே நுழையும் வழி மட்டும் பெரும்பாலும் அடைபடுவதில்லை. அவை இரண்டும் உரிய விகிதத்தில் போனால் பின்னாலேயே தண்ணீரும் உடலுக்குள் போகும். சர்க்கரை அளவுக்கு மிஞ்சிவிட்டால் கதை தலைகீழாகிறது. குடலுக்குள் தேங்கும் சர்க்கரை, உடலில் எஞ்சியிருக்கும் நீரையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நான் கொடுத்த ஆரஞ்சுப் பானத்தில் சர்க்கரை இந்த அளவைப்போல் பல மடங்கு. உப்போ தேவையானதில் சிறு பங்கு. தாகத்தில் இருந்த பிள்ளை அதை ஆசையாகக் குடித்ததில் வியப்பே இல்லை. சரியாகக் கலந்த ஓ.ஆர்.எஸ். கண்ணீரின் ருசியில் இருக்கும்; எந்தக் குழந்தையும் அதை அடம்பிடித்துக் கேட்காது.

வீடு திரும்பியபின் குப்பைக்கூடையிலிருந்து அந்தக் காலிப் பெட்டியை எடுத்து வாசித்தேன். முன்பக்கத்தில் விரல் அகலத்துக்குப் பெரிய எழுத்தில் அந்தப் பெயர். ஒரு மூலையில், உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். வாய்ப்பாடு இது அல்ல என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு வாசகம். அப்படி ஒரு வாசகத்தைச் சேர்த்துவிட்டால் போதும், பெயரில் அந்த எழுத்துகளை வைத்துக்கொள்ளலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022 ஜூலையிலும் 2024 பிப்ரவரியிலும் சலுகை அளித்திருந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் இதை எதிர்த்துப் பேசியும் எழுதியும் வழக்காடியும் வந்தார். ஒருவழியாக 2025 அக்டோபர் 14-ஆம் தேதி ஆணையம் அந்தச் சலுகையைத் திரும்பப் பெற்றது. எந்த உணவுப் பொருளின், பானத்தின் பெயரிலும் முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோகூட அந்த எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்றாயிற்று. எங்கள் வீட்டு இரவுக்கு அது இரண்டு மாதம் தாமதமாக வந்தது. பெயர் மாறியபிறகும் பானம் பானமாகவே இருக்கும் என்பதால், பெட்டியின் பின்பக்கத்தில் ‘உலக சுகாதார நிறுவன வாய்ப்பாடு’ என்று இருக்கிறதா, ஒரு லிட்டருக்கான நான்கு அளவுகளும் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்து வாங்கும் வழக்கத்தை நான் விடவில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இந்தப் பொட்டலம் இலவசமாகக் கிடைக்கிறது என்பதை, மெத்தப் படித்த நான் அதற்குமுன் அறிந்திருக்கவில்லை.

இந்தப் பொட்டலத்தின் பிறப்பைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது. 1971-இல் வங்கதேசப் போரில் அகதிகளாக வந்து மேற்கு வங்கத்தின் பன்கானில் தங்கியிருந்தவர்களிடையே காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் திரவம் போதாமல் போன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்று அளந்து, பைகளில் அடைத்து அனுப்பி, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து நோயாளிகளின் வாயில் ஊற்றச் செய்தார். ஊற்றியவர்கள் பெரும்பாலும் செவிலியர்களும் இல்லை. தாயும் தமக்கையும் கணவனும்தான். 30 சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. படிக்காத மக்களிடம் மருத்துவத்தை ஒப்படைப்பதா என்று அன்றைய மருத்துவ உலகம் நெடுநாள் தயங்கியது. 1978-இல் லான்செட் மருத்துவ இதழ், இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதிற்று. மகலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. அந்த அகதி முகாமில் ஒரு தாயிடம் சொல்லப்பட்டது என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்: இவ்வளவு தண்ணீரில் இதை முழுதும் கரை, தாகம் அடங்கும்வரை கொடுத்துக்கொண்டே இரு, குடிக்க முடியாமல் துவண்டால் எங்களைக் கூப்பிடு. அளவு, கால எல்லை, தன்னால் ஆகாத கட்டம் எது என்ற ஒப்புதல் ஆகிய மூன்றும் அதில் இருந்திருக்க வேண்டும். என் வாட்ஸ்அப்புக்கு வந்த எட்டில் இந்த மூன்றும் சேர்ந்திருந்த அறிவுரை ஒன்றுகூட இல்லை.

அளவைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சரியான பொட்டலத்தை வாங்கியபிறகும் தவறு செய்யலாம். ஒரு லிட்டர் பொட்டலத்தில் கொஞ்சத்தைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கண்ணளவாகக் கலக்குவது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். உப்பு கூடிவிட்டால் அது குழந்தையின் உடலுக்குப் பெருந்தீங்கு. குறைந்தால் பயன் குறைவு. முழுப் பொட்டலத்தையும் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். அவ்வளவு வீணாகிறதே என்று மனம் கேட்காதவர்களுக்கு 200 மி.லி. தண்ணீருக்கான சிறு பொட்டலங்கள் இருக்கின்றன. கரைசலில் சர்க்கரை சேர்ப்பதோ, பாலிலோ பழச்சாற்றிலோ கலப்பதோ கூடாது. நீரிழப்பு இல்லாத நிலையில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனபிறகும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மி.லி. இதோடு ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மி.கி. ஜிங்க் மாத்திரையை 14 நாள் கொடுக்கச் சொல்கிறார்கள். போக்கு மூன்றாம் நாளே நின்றுவிட்டாலும் பதினான்கு நாளும் கொடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் மாத்திரை அட்டை பாதியோடு அலமாரிக்குள் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் பத்தாம் நாளோடு போயிற்று. கண்டுபிடித்து எடுத்துக் கொடுத்தவர் மாமியார்.

தாய்ப்பாலை நிறுத்து என்ற அறிவுரை முற்றிலும் தவறு என்று மருத்துவர் சொன்னார். தாய்ப்பாலும் வழக்கமான மென்மையான உணவும் தொடர்ந்தால்தான் குடல் தேறும். போக்கை நிறுத்தும் மாத்திரையைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுத்தால் குடலின் அசைவே நின்று ஆபத்தாகும் என்றும் சொன்னார். மாமியாரின் நொய்க் கஞ்சியைப் பற்றித் தயக்கத்தோடு கேட்டேன். தாராளமாகக் கொடுங்கள், சிறிதளவு உப்போடு என்றார். காலரா நோயாளிகளுக்கு அரிசியை அடிப்படையாகக் கொண்ட கரைசல் நன்றாகவே உதவுகிறது என்று ஆராய்ச்சிகள் நிறுவியிருக்கின்றன. ஒன்பது பேர் சொன்னதில் மருத்துவரிடம் தேறியது, வாட்ஸ்அப் இல்லாதவர் அடுப்படியில் நின்று சொன்ன அந்த ஒன்றுதான். இதை மாமியாரிடம் சொன்னபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கஞ்சி என்றால் கஞ்சிதானே என்பதுபோல் ஒரு பார்வை.

ஆனால், பாட்டி வைத்தியம் எல்லாமே சரி என்று இங்கிருந்து தாவிவிட எனக்கு மனம் வரவில்லை. இதே மாமியார்தான், பையன் பிறந்த அன்று நல்ல குணமுடைய உறவினர் ஒருவரைக் கொண்டு தேன் தொட்டுச் சேனை வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவின் வித்துகள், இன்னும் முதிராத குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து தசைகளை முடக்கிவிடக்கூடும் என்பதை அன்று செவிலியர் எடுத்துச் சொன்னதால் சேனை நின்றது. ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று நாம் கொண்டாடும் வசம்பும் எனக்குக் கலக்கம் தருவதுதான். அதில் உள்ள பீட்டா-அசரோன் என்ற வேதிப்பொருளின் காரணமாக அமெரிக்காவில் 1968-இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். சுட்டு உரசிக் கொடுக்கும்போது எத்தனை உரசு, கல் எவ்வளவு சொரசொரப்பு, அழுத்திய கை யாருடையது என்பதைப் பொறுத்து மருந்தின் அளவு நாளுக்கு நாள் மாறும். கஞ்சிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரு கரண்டி கூடினாலும் குறைந்தாலும் கஞ்சி கஞ்சியாகவே இருக்கிறது. பழையது புதியது என்று பிரிப்பதைவிட, அளவு தவறினால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்ப்பது எனக்கு உதவியிருக்கிறது. பூஜை அறையில் கைக்கெட்டும் உயரத்தில் சூடத்தை வைத்திருந்தோம். வெள்ளையாக மிட்டாய் போல் இருக்கும் அந்தச் சிறு கட்டி, விழுங்கிய சில நிமிடங்களிலேயே ஒரு குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கிவிடும் என்று அறிந்த அன்றே அது மேல் தட்டுக்கு ஏறியது.

அக்டோபர் மாதம் பிறந்ததும் வேறொரு செய்தி வந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். எண்ணிக்கை இருபதைக் கடந்தது. மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில், அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. இருக்கலாம் என்று பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவே 0.1 சதவீதம்தான். அந்தப் பெற்றோர்களின் மீது ஒரு சொல்லும் சொல்வதற்கில்லை. பலர் மருத்துவரிடம் போய், அவர் எழுதித் தந்ததை வாங்கிக் கொடுத்தவர்கள். ஒரு புட்டிக்குள் நஞ்சு இருக்கிறதா என்று எந்தத் தாயாலும் கண்டுபிடிக்க முடியாது. அது அரசும் தயாரிப்பாளரும் செய்ய வேண்டிய வேலை. பெற்றோரின் கையில் மிஞ்சியிருப்பது, இந்த மருந்து என் பிள்ளைக்குத் தேவைதானா என்று கேட்பது மட்டுமே. அந்தக் கேள்விக்கு விடை முன்பே எழுதப்பட்டிருந்தது. சளி, இருமல் மருந்துகளில் சேர்க்கும் குளோர்பெனிரமைன், பினைலெஃப்ரின் கூட்டுக் கலவையை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்ற எச்சரிக்கையை லேபிளில் அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2023 டிசம்பரில் உத்தரவிட்டிருந்தார். 2025 அக்டோபர் 3-ஆம் தேதி மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம், 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது என்றும், 5 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் மறுபடி நினைவூட்டியது. சிறு பிள்ளைகளின் இருமல் பெரும்பாலும் மருந்தில்லாமலே தணிந்துவிடும். வெதுவெதுப்பான நீர், ஓய்வு, ஒரு வயது கடந்த குழந்தையாக இருந்தால் அரைத் தேக்கரண்டி தேன் போதும். சேனைக்கு ஆகாத அதே தேன் ஒரு வயதுக்குப் பிறகு இருமலுக்கு ஆகிறது என்பதைப் பார்க்கும்போது, வயதைக் கேட்காமல் சொல்லப்படும் எந்த யோசனையையும் நான் ஏன் இப்போது கடந்துபோய்விடுகிறேன் என்பது புரியும்.

எடையும் அப்படித்தான். காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமாலின் அளவு, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வரை. பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யில் 100 மி.கி. இருந்தால் 1.5 மி.லி. போதும், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பாக இருந்தால் 3 மி.லி.; 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளதாக இருந்தால் 6 மி.லி.க்குச் சற்று மேல். மூன்றும் ஒரே மருந்து, பெயர்களும் ஏறக்குறைய ஒன்று, புட்டிகளும் ஒரே சாயல். ‘என் பிள்ளைக்கு இதைத்தான் ஒரு மூடி கொடுப்பேன்’ என்று ஒரு தோழி சொன்னதை, வேறு புட்டியிலிருந்து வேறு எடையுள்ள பிள்ளைக்கு இன்னொருத்தி ஊற்றிக் கொடுத்தால் அளவு இரண்டு மூன்று மடங்காகிவிடும்; சொட்டு மருந்தாக இருந்தால் அதற்கும் மேல். வாசிப்பவர்கள் என் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். புட்டியில் அச்சாகியிருக்கும் அளவையும் பிள்ளையின் எடையையும் மருத்துவரிடம் சொல்லி, எத்தனை மி.லி., எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு அதிகபட்சம் எத்தனை முறை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சமையலறைக் கரண்டி அளவுகோல் ஆகாது. மருந்தோடு வரும் மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோதான் சரி.

நம்பத்தக்க வழிகாட்டல் எங்கே கிடைக்கும் என்று அலைந்தபோது, அது எங்கள் பீரோவிலேயே இருந்ததைக் கண்டு சற்று வெட்கப்பட்டேன். கர்ப்ப காலத்தில் கொடுத்த தாய் சேய் நலப் பாதுகாப்பு அட்டையைத் தடுப்பூசித் தேதி குறிக்க மட்டுமே நான் பயன்படுத்தியிருக்கிறேன். வயிற்றுப்போக்குக்கு என்ன செய்வது, எந்த அறிகுறிகள் கண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதெல்லாம் படங்களோடு அதிலேயே இருக்கின்றன. குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியாமை, சோர்ந்து துவளுதல், கண் குழிதல், மலத்தில் ரத்தம், வலிப்பு, மூச்சு வேகமாக வாங்குதல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பெற்றோருக்கென்றே தனி வழிகாட்டிகளை வெளியிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணுக்குப் பேசினால் ஆலோசனை கிடைக்கும், அவசரமென்றால் 108. எங்கள் பகுதியின் சுகாதாரச் செவிலியரைத் தடுப்பூசி நாளில் மட்டும் பார்ப்பவளாக இருந்த நான், இப்போது சந்தேகம் வந்தால் அவரிடம் போய்க் கேட்கிறேன். அவரும் முதலில் கேள்விதான் கேட்கிறார்.

ஒரு வழிகாட்டலில் தேதி இருக்கிறதா என்றும் இப்போதெல்லாம் பார்க்கிறேன். ஓ.ஆர்.எஸ். வாய்ப்பாடே 2002-இல் திருத்தப்பட்டதுதான். முன்பு இருந்த கரைசலில் கரைந்திருந்த பொருள்களின் செறிவு லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோல், இன்று 245. உப்பையும் சர்க்கரையையும் குறைத்தால் போக்கும் வாந்தியும் குறைகின்றன, நரம்பு வழி திரவம் ஏற்ற வேண்டிய தேவையும் குறைகிறது என்று ஆய்வுகள் சொன்னபிறகு மாற்றினார்கள். ‘இவர்கள் இன்றைக்கு ஒன்று சொல்வார்கள், நாளைக்கு வேறொன்று சொல்வார்கள்’ என்று கேலி பேசும் ஒரு மாமா எங்கள் குழுவில் இருக்கிறார். மாற்றியதையும் மாற்றிய காரணத்தையும் எழுதி வைத்திருப்பவர்களைத்தான் நான் நம்புவேன் என்று அவருக்கு ஒருமுறை பதில் போட்டேன். அவர் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார். அது சம்மதமா நையாண்டியா என்று இன்னும் விளங்கவில்லை.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மகனின் எடை, எடை பார்த்த தேதி, பாராசிட்டமால் புட்டியின் அடர்த்தி, மருத்துவர் எழுதித் தந்த அளவு, 104, 108. எடையை மூன்று மாதத்துக்கொருமுறை அடித்துத் திருத்துகிறேன். அதன் பக்கத்தில் ஒரு காந்தத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று செருகியிருக்கிறது.

போன வாரம் சிவகங்கையிலிருந்து மாமியாரின் தங்கை கூப்பிட்டார். அவருடைய பேரனுக்கு ராத்திரியிலிருந்து வயிற்றாலே போகிறதாம், என்ன செய்யலாம் என்று கேட்டார். ஜாதிக்காயோ கஞ்சியோ சொல்லப்போகிறார் என்று நான் கூடத்தில் காத்திருந்தேன். மாமியார் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, “இரு இரு. பய கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?” என்றார். மறுமுனையில் பதில் வரச் சற்று நேரமாயிற்று. அதற்குள் எழுந்துபோய்க் குளிர்சாதனப் பெட்டியின் முன் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தாளைப் பார்த்தபடி, “எடை என்ன இருப்பான்?” என்று அடுத்ததைக் கேட்டார்.